ஒகசாகித் துண்டுகள் பிறந்த கதை

பிளஸ் டூவில் உயிரியல் எடுத்தவர்களுக்கு ஒகசாகி என்ற பெயர் எங்கோ மூலையில் நினைவிருக்கும். செல் தன் டி.என்.ஏ.வை நகலெடுக்கும்போது ஓர் இழை நீளமாக ஒரே ஓட்டத்தில் வளர்கிறது; மற்றொன்று துண்டு துண்டாக வளர்கிறது; அந்தத் துண்டுகள் ஒகசாகித் துண்டுகள்; அவற்றை லிகேஸ் என்ற நொதி இணைக்கிறது. பாடத்தில் இதற்கு மூன்று நான்கு வரிகள்தான் உண்டு. கோடிட்ட இடத்தில் பெயரை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். அது ஊர்ப் பெயரா, ஆள் பெயரா என்றுகூட யாரும் சொல்வதில்லை.

அது ஒரு கணவன் மனைவியின் குடும்பப் பெயர். ரெய்ஜி ஒகசாகி, சுனேகோ ஒகசாகி. ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் வேலை செய்தவர்கள். அந்த மூன்று நான்கு வரிகளுக்குப் பின்னால் பதினைந்து ஆண்டு காலப் புதிர் ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால்தான் அந்தத் துண்டுகள் எவ்வளவு பெரிய விடை என்பது விளங்கும்.

புதிர் 1953இலேயே தொடங்கிவிட்டது. அந்த ஆண்டு ஏப்ரல் 25 தேதியிட்ட ‘நேச்சர்’ இதழில் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வின் அமைப்பை வெளியிட்டார்கள். ஒன்றையொன்று சுற்றிக்கொண்ட இரண்டு இழைகள். ஒன்றில் ஏ என்ற எழுத்து இருந்தால் எதிரே டி. ஒன்றில் ஜி இருந்தால் எதிரே சி. இந்தப் பொருத்தத்தைப் பார்த்தவுடனே நகலெடுக்கும் வழியும் தெரிந்துவிட்டது. இரண்டு இழைகளும் பிரியும்; ஒவ்வொன்றும் தனக்கு எதிர் இழையைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளும். ஐந்து ஆண்டுகளில் மெசல்சனும் ஸ்டாலும் கனமான நைட்ரஜனை வைத்து இதை நிரூபித்தும் காட்டினார்கள். பிறக்கும் ஒவ்வொரு டி.என்.ஏ.விலும் ஓர் இழை பழையது, ஓர் இழை புதியது.

வாட்சன், கிரிக் சொன்ன அமைப்பில் இன்னொரு விஷயமும் இருந்தது. இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. டி.என்.ஏ.வின் ஒவ்வொரு அலகிலும் ஒரு சர்க்கரை உண்டு. அந்தச் சர்க்கரையின் கார்பன் அணுக்களுக்கு எண் இட்டிருக்கிறார்கள். ஐந்தாம் கார்பனில் பாஸ்பேட் தொங்கும். அடுத்த அலகு வந்து சேரும் இடம் மூன்றாம் கார்பன். ஆகவே எந்த இழையை எடுத்தாலும் ஒரு பக்கம் ஐந்தாம் முனை, மறு பக்கம் மூன்றாம் முனை. ஓர் இழை இடமிருந்து வலமாக ஐந்திலிருந்து மூன்றுக்குப் போனால், அதன் துணை இழை வலமிருந்து இடமாகப் போகும். அமைப்பின் அழகை ரசித்தவர்களுக்கு அன்று இது தொந்தரவாகத் தெரியவில்லை. தொந்தரவு நொதியின் வழியாக வந்தது.

டி.என்.ஏ.வைக் கட்டும் நொதியைத் தேடிப் போனவர் ஆர்தர் கோர்ன்பெர்க். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அப்போது இருந்தார். குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவை நசுக்கிச் சாறு எடுத்து, அதில் கதிரியக்கம் ஏற்றிய தைமிடினைக் கலந்து, அது டி.என்.ஏ.வில் சேருகிறதா என்று பார்த்தார். கதிரியக்க அளவில் பத்து லட்சம் எண்ணிக்கை உள்ளே போட்டதில் ஐம்பது போலத்தான் டி.என்.ஏ.வில் சேர்ந்தது. மற்றவர்கள் இதைக் கருவியின் பிழை என்று ஒதுக்கியிருப்பார்கள். கோர்ன்பெர்க் அந்த ஐம்பதைப் பிடித்துக்கொண்டு நொதியைத் தூய்மைப்படுத்தினார். அதுதான் டி.என்.ஏ. பாலிமரேஸ். அதைப் பற்றிய கட்டுரைகளை முதலில் திருப்பி அனுப்பிய இதழ், பின்பு 1958இல் வெளியிட்டது. மறு ஆண்டே கோர்ன்பெர்க்குக்கு நோபல் பரிசு.

அந்த நொதி மூன்றாம் முனையில் மட்டுமே புதிய அலகைச் சேர்க்கும். ஐந்தாம் முனையில் சேர்க்கவே சேர்க்காது. பிடிவாதம் போலத் தோன்றும் இந்தக் குணத்துக்கு ஒரு காரணம் உண்டு. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. புதிதாக வரும் ஒவ்வொரு அலகும் தன்னோடு மூன்று பாஸ்பேட்டுகளைக் கொண்டுவருகிறது. சேரும்போது இரண்டு பாஸ்பேட்டுகள் கழன்று விழும். அந்தக் கழற்சியில் கிடைக்கும் ஆற்றல்தான் பிணைப்பை உண்டாக்குகிறது. அதாவது, வருகிறவரே கூலியையும் கொண்டுவருகிறார். தவறான எழுத்து சேர்ந்துவிட்டால் நொதி அதை வெட்டி எறிந்துவிட்டுச் சரியானதைச் சேர்க்கலாம். சரியான அலகும் தன் ஆற்றலோடுதான் வரும். எதிர்த் திசையில் இழை வளர்வதாக வைத்துக்கொண்டால் ஆற்றல் இழையின் நுனியில் இருக்க வேண்டும். பிழையான எழுத்தை வெட்டினால் நுனியில் இருந்த ஆற்றலும் அதோடு போய்விடும். இழை அங்கேயே நின்றுவிடும். பிழை திருத்த வேண்டுமென்றால் ஒரே திசையில்தான் எழுத முடியும். பாலிமரேஸ் ஏறத்தாழ லட்சத்தில் ஓர் எழுத்தைத் தவறாகச் சேர்க்கிறது. தானே திருத்திக்கொள்வதால் அது கோடியில் ஒன்றாகக் குறைகிறது. பின்னால் வரும் வேறு நொதிகள் இன்னும் குறைக்கின்றன. நாம் நாமாக இருப்பது இந்தத் திருத்தத்தால்தான்.

அப்படியானால் புதிர் இதுதான். இரண்டு இழைகள் பிரியும் இடத்துக்குக் கவை என்று பெயர். கவை முன்னேறிக்கொண்டே போகிறது. ஓர் இழையில் நொதி கவையின் பின்னாலேயே போய் எழுதிவிடலாம், திசை பொருந்துகிறது. எதிர் இழையில் நொதி எழுத வேண்டிய திசை கவையை விட்டு விலகிப் போகிற திசை. அங்கே நகல் எப்படி நடக்கிறது?

ஒரு வேளை அந்த இழையின் நகல் பிறகு, தனியாக நடக்கிறதோ? ஜான் கெய்ர்ன்ஸ் 1963இல் அந்த வாசலை அடைத்துவிட்டார். நகலாகிக்கொண்டிருக்கும் ஈ.கோலை டி.என்.ஏ.வில் கதிரியக்கத் தைமிடினை ஏற்றி, அதைப் படச்சுருளின் மேல் வாரக்கணக்கில் வைத்திருந்து, டி.என்.ஏ. தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளும்படி செய்தார். பாக்டீரியாவின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு. உள்ளே இருந்த வளைய டி.என்.ஏ.வோ ஒரு மில்லிமீட்டருக்கும் மேல். அந்த வளையத்தில் கவை தெளிவாகத் தெரிந்தது. கவை போகப் போக இரண்டு இழைகளுமே கூடவே நகலாகிவிடுகின்றன. தனியே காத்திருக்கும் இழை எதுவும் இல்லை.

எதிர்த் திசையில் எழுதக்கூடிய இன்னொரு பாலிமரேஸ் இருக்க வேண்டும் என்று பலர் நினைத்தார்கள். தேடினார்கள். கிடைக்கவில்லை.

ரெய்ஜி ஒகசாகி இந்த இடத்தில் வருகிறார்.

1930இல் ஹிரோஷிமாவில் பிறந்தவர். 1945 ஆகஸ்ட் 6ஆம் தேதி அந்த நகரத்தின் மீது அணுகுண்டு விழுந்தபோது அவருக்குப் பதினான்கு வயது. உயிர் பிழைத்தார், ஆனால் கதிர்வீச்சு உடம்பில் ஏறிவிட்டது. 1953இல் நகோயா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அதே பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டு பின்னால் பட்டம் பெற்றவர் சுனேகோ. அந்த ஆண்டே திருமணம். அதற்குப் பின் இருவருக்கும் ஒரே ஆய்வுக்கூடம், ஒரே கேள்வி. 1960இல் அமெரிக்கா போனார்கள். முதலில் செயின்ட் லூயிஸ், பிறகு ஸ்டான்ஃபோர்டு. கோர்ன்பெர்க் அதற்குள் ஸ்டான்ஃபோர்டுக்குக் குடிபெயர்ந்திருந்தார். அவருடைய கூடத்தில் ரெய்ஜி செய்த வேலை தைமிடின் கைனேஸ் என்ற நொதியைப் பற்றியது. செல்லுக்குள் வரும் தைமிடினுக்கு முதல் பாஸ்பேட்டை மாட்டி, டி.என்.ஏ.வுக்குள் போகத் தயார் செய்யும் நொதி அது. கெய்ர்ன்ஸ் டி.என்.ஏ.வுக்கு அடையாளம் இட்டதும் தைமிடினைக் கொண்டுதான், டி.என்.ஏ.வில் மட்டுமே சேரும் பொருள் அது. வெளியே ஊற்றும் தைமிடின் எந்தப் படிகளைக் கடந்து டி.என்.ஏ.வுக்குள் போகிறது என்பது ரெய்ஜிக்குத் தன் கையால் செய்து தெரிந்த விஷயம். பிற்பாடு அவர் செய்த சோதனைக்கு வேண்டிய கைப்பழக்கம் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது.

1963இல் இருவரும் நகோயா திரும்பினார்கள். ரெய்ஜியின் யோசனை எளிமையானது. நொதியால் ஒரு திசையில்தான் எழுத முடியும் என்றால், செல் அந்தத் திசையிலேயே எழுதட்டும். ஆனால் சிறிது சிறிதாக. கவை கொஞ்ச தூரம் திறந்ததும், திறந்த இடத்திலிருந்து பின்னோக்கி ஒரு துண்டு எழுதப்படும். கவை இன்னும் கொஞ்சம் திறந்ததும் அங்கிருந்து இன்னொரு துண்டு, பழைய துண்டின் தொடக்கம் வரை. பிறகு துண்டுகளை இணைத்துவிட வேண்டியதுதான். தையலில் கெட்டித் தையல் என்று ஒன்று உண்டு. ஊசி ஒவ்வொரு முறையும் பின்னால் போய்க் குத்துகிறது. ஆனால் தையல் வரிசை முன்னால் நகர்கிறது. துண்டு துண்டாக வளரும் இந்தப் பின்தங்கும் இழையின் நகல் அப்படித்தான் நடக்கிறது என்பது ஊகம்.

ஊகம் யாரும் செய்யலாம். இந்த ஊகத்திலிருந்து பார்த்துச் சொல்லக்கூடிய ஒரு விளைவு வரும் என்பதை ரெய்ஜி கண்டார். இப்போதுதான் பிறந்த டி.என்.ஏ. சின்னத் துண்டாக இருக்க வேண்டும். சிறிது நேரம் கழித்து அதே டி.என்.ஏ. நீளமான இழையின் பகுதியாகிவிட வேண்டும். சிக்கல் நேரத்தில் இருந்தது. ஈ.கோலையின் கவை உடல் வெப்பநிலையில் வினாடிக்கு ஏறக்குறைய ஆயிரம் எழுத்துகள் என்ற வேகத்தில் போகிறது. இரண்டு கவைகள் எதிரெதிராக ஓடி 46 லட்சம் எழுத்து இணைகளையும் நாற்பது நிமிடத்தில் முடித்துவிடுகின்றன. துண்டு ஆயிரம், இரண்டாயிரம் எழுத்து நீளம் இருக்குமானால், ஓரிரு வினாடிகளில் பிறந்து, உடனே இணைந்து மறைந்துவிடும். மனிதக் கையால் அவ்வளவு விரைவாக எதையும் ஊற்றவோ நிறுத்தவோ முடியாது.

ஆகவே செல்லை மெதுவாக்கினார்கள். பாக்டீரியாவை 20 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியில் வைத்தார்கள். அதில் கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய தைமிடினைச் சேர்த்து, சில வினாடிகளிலேயே பனிக்கட்டியும் சயனைடும் கலந்த திரவத்தில் கொட்டி, உயிர்வேலை முழுவதையும் ஒரே அடியில் நிறுத்தினார்கள். டி4 என்ற வைரஸ் தொற்றிய பாக்டீரியாவில் செய்தபோது 2 வினாடி வரை இறங்கினார்கள். பிறகு 7, 15, 30, 60, 120 வினாடிகள். அடுத்த வேலை, கிடைத்த டி.என்.ஏ.வைக் காரத்தில் போட்டு இரண்டு இழைகளையும் பிரிப்பது. காரம் கலந்த சர்க்கரைக் கரைசலை, அடியில் அடர்த்தியாகவும் மேலே நீர்த்தும் இருக்கும்படி குழாயில் நிரப்பி, டி.என்.ஏ.வை அதன் மேல் விட்டு, மையவிலக்கியில் மணிக்கணக்கில் சுழல விட வேண்டும். நீளமான இழை ஆழத்துக்கு இறங்கும். குட்டையான துண்டு மேலேயே நிற்கும். குழாயின் அடியில் துளையிட்டுச் சொட்டுச் சொட்டாகச் சேகரித்து, ஒவ்வொரு பங்கிலும் எவ்வளவு கதிரியக்கம் என்று எண்ண வேண்டும்.

விடை எண்ணிக்கையிலேயே வந்துவிட்டது. சில வினாடி அடையாளமிட்டதில் கதிரியக்கம் பெரும்பாலும் குழாயின் மேல் பகுதியில், ஆயிரம் முதல் இரண்டாயிரம் எழுத்து நீளத் துண்டுகளில் நின்றது. நேரம் கூடக்கூட அது கீழே, நீளமான இழைகளுக்கு நகர்ந்தது. துண்டாகப் பிறந்து, நிமிடத்துக்குள் இழையாகிவிடுகிறது.

1968 பிப்ரவரியில் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் அந்தக் கட்டுரை வந்தது. ரெய்ஜி, சுனேகோ இருவரோடு கிவாகோ சகாபே, கசுனோரி சுகிமோட்டோ, அகியோ சுகினோ என்ற மூவரின் பெயரும் அதில் உண்டு. இடைவிட்டு வளர்வது ‘சாத்தியம்’ என்ற அளவில்தான் தலைப்பு இருந்தது. அந்த அடக்கத்துக்கு நியாயம் இருந்தது. சின்னத் துண்டு கிடைத்தது என்பதாலேயே அது நகலின் இடைநிலை என்று ஆகிவிடாது. காரத்திலோ சுழற்சியிலோ நீள இழை உடைந்த துணுக்காகவும் இருக்கலாம்.

பின்னால் வந்த இரண்டு கட்டுரைகள் அந்தச் சந்தேகத்தை மடக்கிப் போட்டன. 1967இல்தான் அமெரிக்காவில் பல கூடங்கள் தனித்தனியே லிகேஸ் நொதியைக் கண்டுபிடித்திருந்தன, அறுந்த டி.என்.ஏ.வை இணைக்கும் நொதி. துண்டுகள் உண்மையிலேயே இணைக்கப்படுகின்றன என்றால், லிகேஸ் வேலை செய்யாதபோது அவை குவிய வேண்டும். டி4 வைரஸின் ஒரு திரிபு இதற்குக் கைகொடுத்தது. வெப்பம் கூடினால் அதன் லிகேஸ் செயலிழந்துவிடும். வெப்பத்தைக் கூட்டினார்கள், துண்டுகள் குவிந்தன. மற்றொரு கட்டுரையில் முதல் பெயர் சுனேகோவுடையது. துண்டு எந்தத் திசையில் வளர்கிறது என்பதை அது காட்டியது. துண்டின் கடைசியாக எழுதப்பட்ட பகுதியில் மட்டும் கதிரியக்கம் இருக்கும்படி செய்து, ஒரு முனையிலிருந்து மட்டுமே அரித்துக்கொண்டு போகும் நொதியில் போட்டார். மூன்றாம் முனையிலிருந்து அரித்தபோது கதிரியக்கம் முதலில் வெளியே வந்தது. ஐந்தாம் முனையிலிருந்து அரித்தபோது கடைசியில் வந்தது. புதிது சேர்ந்ததெல்லாம் மூன்றாம் முனையில். எதிர்த் திசையில் எழுதும் நொதி தேவையே இல்லை என்று ஆயிற்று. மூன்று கட்டுரைகளிலும் என் மனம் நிற்பது இதில்தான். துண்டைப் பார்த்தது பெரிய விஷயம். துண்டின் திசையைப் பார்த்தது புதிரின் பூட்டையே திறந்தது.

ஆனால் ஒரு விஷயம் பொருந்தவில்லை. ஊகத்தின்படி பாதிக் கதிரியக்கம்தான் துண்டுகளில் இருக்க வேண்டும். மறு பாதி தொடர்ச்சியாக வளரும் இழையில் நீளமாக இருக்க வேண்டும். சோதனையிலோ கிட்டத்தட்ட எல்லாமே துண்டுகளாக வந்தது. இரண்டு இழைகளுமே துண்டுகளாகத்தான் வளர்கின்றனவா? இந்த விவாதம் பல ஆண்டுகள் ஓடியது. 1977இல் ஒரு காரணம் தெரிந்தது. சில நேரம் டி எழுத்து வர வேண்டிய இடத்தில் யுராசில் என்ற வேறோர் எழுத்து நுழைந்துவிடுகிறது. செல் அதை உடனே வெட்டி எடுக்கிறது. வெட்டிய இடத்தில் இழை தற்காலிகமாக அறுந்து நிற்கிறது. தொடர்ச்சியாக எழுதிய இழையும் அந்தச் சில வினாடிகளில் துண்டு போலத் தெரியும். தூய்மைப்படுத்திய நொதிகளைக் குழாயில் சேர்த்துச் செய்யும் நகலில், தொடர்ச்சியாக வளரும் முன்செல் இழை நீளமாகவே வருகிறது. உயிருள்ள செல்லுக்குள் அது முழுக்க முழுக்க அப்படித்தானா என்ற கேள்வி அதற்குப் பிறகும் ஓயவில்லை. பாடப்புத்தகப் படம் காட்டுவதைவிட உண்மை கொஞ்சம் கரடுமுரடானது. அதை மாணவர்களிடம் சொன்னால் அவர்களுக்கு அறிவியல் இன்னும் பிடிக்கும் என்றே நினைக்கிறேன்.

இதற்கு நடுவில் கோர்ன்பெர்க்கின் நொதிக்கே ஒரு சோதனை வந்தது. 1969இல் கெய்ர்ன்ஸும் அவருடைய உதவியாளர் பாலா டி லூசியாவும் சில ஆயிரம் ஈ.கோலை கூட்டங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, கோர்ன்பெர்க்கின் பாலிமரேஸ் கிட்டத்தட்ட இல்லாத ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். அது நன்றாக வளர்ந்தது. அப்படியானால் டி.என்.ஏ.வை நகலெடுப்பது அந்த நொதி இல்லை! நோபல் பரிசு பெற்ற நொதி உண்மையான நொதிதானா என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள். தந்தைக்கு நேர்ந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கோர்ன்பெர்க்கின் மகன் டாம். நியூயார்க்கின் ஜூலியார்டு இசைப்பள்ளியில் செல்லோ வாசிக்கப் படித்துக்கொண்டிருந்தவர். அவர் ஆய்வுக்கூடத்துக்குள் இறங்கி, மால்கம் கெஃப்டருடன் சேர்ந்து, அந்தப் பாக்டீரியாவிலிருந்தே வேறு இரண்டு பாலிமரேஸ்களைப் பிரித்தெடுத்தார். மூன்றாவது பாலிமரேஸ்தான் நகலெடுக்கும் பெரிய வேலையைச் செய்கிறது.

முதல் பாலிமரேஸுக்கு என்ன வேலை? அதற்கும் விடை நகோயாவிலிருந்து வந்தது. முதல் பாலிமரேஸ் இல்லாத பாக்டீரியாவில் ஒகசாகித் துண்டுகள் பிறக்கின்றன. ஆனால் இணைவது மிகவும் தாமதமாகிறது. 1971இல் ரெய்ஜியின் குழு இதைக் காட்டியது. துண்டுகள் இணைவதற்கு முன்பு செய்ய வேண்டிய ஏதோ ஒரு காரியத்துக்கு அந்த நொதி வேண்டும்.

என்ன காரியம்? பாலிமரேஸுக்கு இன்னொரு குறை உண்டு. ஏற்கெனவே இருக்கும் இழையை நீட்டத்தான் அதற்குத் தெரியும். வெறும் இடத்தில் முதல் எழுத்தை வைக்கத் தெரியாது. நீள இழைக்கு ஒரு தொடக்கம் போதும். பின்தங்கும் இழையிலோ ஓரிரு வினாடிக்கு ஒரு முறை புதிதாகத் தொடங்க வேண்டும். ஆர்.என்.ஏ.வைக் கட்டும் நொதிகளுக்கு வெறும் இடத்தில் தொடங்கும் திறமை இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு துண்டின் தலையிலும் சின்னதாக ஆர்.என்.ஏ. இருக்குமோ? கோர்ன்பெர்க்கின் கூடம் ஒரு வைரஸில் இதற்குத் தடயம் கண்டது. சுகினோ, ஹிரோசே, ரெய்ஜி மூவரும் 1972இல் ஈ.கோலையின் துண்டுகளிலேயே ஆர்.என்.ஏ. ஒட்டியிருப்பதைக் காட்டினார்கள். அந்தத் தொடக்கத் துணுக்கை அரித்து எடுத்துவிட்டு, இடைவெளியை டி.என்.ஏ.வால் நிரப்புவதுதான் கோர்ன்பெர்க்கின் முதல் பாலிமரேஸின் வேலை. பிறகு லிகேஸ் வந்து இணைக்கும்.

முதலிலிருந்தே டி.என்.ஏ.வாலேயே தொடங்கினால் இத்தனை சுற்று வேண்டாமே என்று தோன்றும். தொடக்கத்தில்தான் பிழை அதிகம் நேரும்; பிடிப்பதற்கு முந்தைய எழுத்துகள் இல்லாததால் பொருத்தம் சரிபார்க்க முடியாது. தொடக்கத்தை ஆர்.என்.ஏ.வில் எழுதினால், அது தற்காலிகம், எடுத்துவிட வேண்டும் என்ற அடையாளம் அதிலேயே இருக்கிறது. எடுத்த இடத்தைப் பிழை திருத்தும் நொதி கவனமாக நிரப்பிவிடும்.

ரெய்ஜி 1975 ஆகஸ்ட் 1ஆம் தேதி ரத்தப் புற்றுநோயால் இறந்தார். வயது 44. கதிர்வீச்சு டி.என்.ஏ. இழைகளை அறுக்கிறது. எலும்பு மஜ்ஜையின் செல்களோ வாழ்நாள் முழுவதும் ஓயாமல் பிரிந்துகொண்டே இருப்பவை. பிழைகள் அங்கே நகலாகி நகலாகிச் சேரும். குண்டு விழுந்து முப்பது ஆண்டுகளாகப் போகும் நேரத்தில் அது அவரை வந்து சேர்ந்தது. டி.என்.ஏ. தன்னை எப்படிப் பிழையின்றி எழுதிக்கொள்கிறது என்று தேடியவருக்கு இப்படி ஆனதை எத்தனை முறை படித்தாலும் மனம் ஆறுவதில்லை.

சுனேகோவுக்கு இரண்டு பிள்ளைகள். கணவரின் ஆய்வுக்குழு, பாதியில் நிற்கும் சோதனைகள், முடியாத விவாதம். ஜப்பானில் அந்தக் காலத்தில் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தைப் பெண் ஒருவர் நடத்துவது அரிது. அவர் நடத்தினார். ஆர்.என்.ஏ. தொடக்கத் துணுக்கின் உண்மையான உருவம் என்ன என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. அது செல்லுக்குள் பிறந்த வேகத்தில் அரிக்கப்பட்டுவிடும். துண்டைவிடவும் பிடிக்கக் கடினமானது. டி7 வைரஸில் அந்தத் துணுக்கு நான்கைந்து எழுத்துகள்தான் நீளம் என்றும், ஏ, சி என்ற எழுத்துகளில் தொடங்குகிறது என்றும் அவருடைய குழு கண்டது. அதாவது, தொடங்கும் நொதி கண்ட இடத்தில் தொடங்குவதில்லை. இழையில் குறிப்பிட்ட எழுத்து வரிசையைத் தேடிக் கண்டுபிடித்துத் தொடங்குகிறது. 1983இல் நகோயாவில் பேராசிரியர் ஆனார். அறிவியலில் பெண்களுக்கான லோரியால்-யுனெஸ்கோ விருது 2000இல் வந்தது. ஜப்பான் அரசின் பண்பாட்டு ஆணை விருது 2021இல். எண்பது வயது கடந்த பின், 2017இல், அந்த நாட்களைப் பற்றி ஒரு நீண்ட நினைவுக் கட்டுரையும் எழுதினார். துண்டுகளை ‘ரெய்ஜி ஒகசாகி கண்டுபிடித்தார்’ என்று மட்டும் எழுதும் நூல்களைப் பார்க்கும்போது, அந்த முதல் கட்டுரையில் இரண்டாவது பெயர் யாருடையது என்று எடுத்துப் பார்க்கச் சொல்லத் தோன்றுகிறது.

நம் செல்களிலும் இதுதான் நடக்கிறது. ஆனால் துண்டுகள் இன்னும் குட்டை, நூறு முதல் இருநூறு எழுத்துகள். நம் கவை வினாடிக்கு ஐம்பது எழுத்து போல மெதுவாகத்தான் நகரும். அதனால் ஆயிரக்கணக்கான இடங்களில் ஒரே காலத்தில் நகல் தொடங்குகிறது. ஒரு செல் ஒரு முறை பிரிவதற்குள் கோடிக்கணக்கான ஒகசாகித் துண்டுகள் பிறந்து, தொடக்கத் துணுக்கை இழந்து, இணைந்து முடிகின்றன. துண்டு துண்டாக எழுதுவதில் ஒரு விலையும் இருக்கிறது. குரோமோசோமின் கடைசி நுனியில் இருக்கும் ஆர்.என்.ஏ. துணுக்கை எடுத்துவிட்டால், அந்த இடைவெளியை நிரப்ப அதற்கப்பால் எதுவும் இல்லை. ஒவ்வொரு பிரிவிலும் நுனி கொஞ்சம் குறையும். 1971இல் ரஷ்யாவின் ஒலோவ்னிகோவும் மறு ஆண்டு வாட்சனும் இதைச் சுட்டிக்காட்டினார்கள். நுனியை நீட்டும் டெலோமரேஸ் நொதியை 1984இல் எலிசபெத் பிளாக்பர்னும் கரோல் கிரைடரும் கண்டுபிடித்ததும், அதற்கு 2009இல் நோபல் கிடைத்ததும் வேறொரு பெரிய கதை.

நம் துண்டுகள் ஏன் அந்த நீளத்தில் இருக்கின்றன என்பது 2012இல் தெரிந்தது. அமெரிக்காவில் டங்கன் ஸ்மித்தும் இயன் வைட்ஹவுஸும் ஈஸ்ட் செல்லில் லிகேஸை நிறுத்தினார்கள். துண்டுகள் குவிந்தன. நகோயாவில் டி4 வைரஸை வைத்துச் செய்த அதே உத்திதான். ஆனால் இப்போது குவிந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எழுத்து எழுத்தாகப் படிக்க முடிகிறது. நம் செல்களிலும் ஈஸ்ட்டிலும் டி.என்.ஏ. ஹிஸ்டோன் என்ற புரதங்களைச் சுற்றிச் சுருண்டிருக்கும். துண்டுகளின் நீளம் அந்தச் சுருளுக்குச் சுருள் உள்ள இடைவெளியோடு ஒத்துப்போனது. நகல் பிறந்த சூட்டிலேயே புரதம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அடுத்த துண்டு அங்கே வந்து முட்டி நிற்கிறது.

2016இல் பிரான்சில் ஒரு குழு மனிதச் செல்களின் ஒகசாகித் துண்டுகளைச் சேகரித்துப் படித்தது. ஓகே-செக் என்று அந்த முறைக்குப் பெயர். ஒகசாகியின் முதல் எழுத்துகள்தான் அந்த ஓகே. ஒவ்வொரு துண்டும் எந்த இழையைச் சேர்ந்தது என்று தெரிந்தால், அந்த இடத்தில் கவை எந்தப் பக்கமாக ஓடியது என்று தெரிந்துவிடும். துண்டுகளின் திசை மாறும் இடங்களைப் பார்த்தால், நகல் எங்கே தொடங்கியது, எதிரெதிராக வந்த கவைகள் எங்கே சந்தித்தன என்பதை மனித மரபணுத் தொகுப்பு முழுவதற்கும் வரைபடமாகப் போடலாம். அப்படித்தான் போட்டார்கள். புற்றுநோய்ச் செல்லில் அந்தத் தொடக்க இடங்கள் எப்படி இடம் மாறுகின்றன என்பதை இன்று ஆய்வாளர்கள் இதே முறையில் பார்க்கிறார்கள்.